அயல்நாட்டு வீதியும் நம் உரிமைச் சீட்டும்

மக்கள் ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டிற்குச் செல்லுங்கால் உடன்கொண்டு செல்வன இருவகைப்படும். பெட்டியுள் அடங்குவன ஒருவகை, அடங்காதன மற்றொருவகை. உடையும் நூலும் பணமும் முன்னையவற்றின்பாற்படும். மொழியும், உண்ணும் முறையும், வீதியிற் செல்லும் முறையும் பின்னையவற்றின்பாற்படும். முன்னையவற்றைச் சுங்கச் சாவடியிற் சோதிப்பார் உளர். பின்னையவற்றைச் சோதிப்பார் இலர். இங்ஙனம் சோதனையின்றிக் கடல் கடந்து செல்லும் பழக்கங்களுள் பிறர் உயிரோடு நேரே தொடர்புடையது மோட்டார் வண்டி ஓட்டும் பழக்கமாகும். அதனைப் பற்றிச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் கல்லூரி இதழுக்கு ஏற்றதோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். நம் பழைய மாணவர் பலர் இன்று அயல்நாடுகளில் வாழ்கின்றனர். பட்டம் பெற்றபின் மேற்படிப்பை நாடிச் செல்வாரும், அவரைக் காணச் செல்லும் பெற்றோரும் ஆண்டுதோறும் உளர். சென்ற இடத்தில் வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டு தாமே ஓட்டிச் செல்லுதல் இக்காலத்தில் இயல்பாகிவிட்டது. லைசென்ஸ் என்று வழங்கும் உரிமைச் சீட்டுக் கையிலிருத்தலின், தகுதியும் தம்மிடத்து நிறைந்துளது என்று அவர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது? நாம் கூறப்புகும் விடை இது: சட்டம் தரும் உரிமை வேறு, வீதி கேட்கும் தகுதி வேறு. முன்னதை நம் நாட்டுச் சீட்டுத் தரும். பின்னதை ஒவ்வொருவரும் புதிதாக ஈட்டிக்கொள்ளல் வேண்டும். ஈட்டிக்கொண்டாரா என்று, சீட்டு வழங்கும் அரசு கேட்டறிதலும் வேண்டும்.

இவ்வுரிமை பிறந்த வரலாற்றை முதற்கண் நோக்குவோம். மோட்டார் வண்டி தோன்றிச் சில ஆண்டுகளுக்குள் அது நாட்டெல்லைகளைத் தாண்டத் தொடங்கிற்று. ஐரோப்பாவிலோ நாடுகள் அடுத்தடுத்துள்ளன. காலையில் ஒரு நாட்டிற் புறப்பட்டவன் மாலைக்குள் மற்றொரு நாட்டை அடைந்துவிடுவான். எல்லைதோறும் அவன் புதிதாகத் தேர்வு கொடுத்தல் இயலுமா? இயலாதென்று கண்ட அரசினர் 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் பாரிஸ் நகரிற் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1926-இல் அந்நகரிலேயே செய்யப்பட்ட மற்றோர் உடன்படிக்கை, ஓட்டுபவர்க்கெனத் தனியே ஒரு சர்வதேச அநுமதிச் சீட்டை வகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் ஜெனீவா நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையே இன்று நம் நாட்டார்க்குப் பயன்படுவது. இந்தியா அதிற் சேர்ந்துள்ளது. 1968-இல் வியன்னா நகரில் ஏற்பட்ட பிறிதோர் உடன்படிக்கையும் உண்டு. அதனைத் தழுவிய நாடுகளும் பல. ஜெனீவா முறைச் சீட்டு ஓராண்டு செல்லும்; வியன்னா முறைச் சீட்டு மூன்றாண்டு வரை செல்லும்.

ஜெனீவா உடன்படிக்கையின் 24-ஆம் விதி கருதத்தக்கது. ஒரு நாட்டரசு ஒருவனது திறமையை ஆராய்ந்து அவனுக்கு உரிமை அளித்துளதாயின், உடன்பட்ட பிற நாடுகள் அவனை மறுபடியும் சோதியாமல் அவ்வகை வண்டியை ஓட்ட விடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. வந்தவன் வீதிக் குற்றம் செய்வானாயின் அவ்வுரிமையை அந்நாடு மறுத்துவிடலாம் என்றும் அவ்விதி கூறுகின்றது. எனவே இது நம்பிக்கையின்மேல் எழுந்த ஏற்பாடு. அந்நம்பிக்கையின் பயனை நுகர்பவன் பிரயாணி. அது பொய்த்தால் துன்புறுபவனோ பெரும்பாலும் அவ்வூர் வீதியில் தன் வேலையாகச் செல்லும் வேறொருவன்.

இனிச் சர்வதேச அநுமதிச் சீட்டு என்பதுதான் யாது? சாம்பல் நிற மேலுறையுடைய சிறு புத்தகம் அது. நம் நாட்டுச் சீட்டிற் கண்ட செய்திகளைப் பல மொழிகளில் எடுத்துரைப்பதே அதன் தொழில். நம் நாட்டுச் சீட்டின்றி அது தனித்து நில்லாது. ஓட்டுவதற்கு உரிமையுள்ள வண்டி வகைகளையும் அது கூட்டுவதில்லை. நம் நாட்டில் மோட்டார் கார் மட்டும் ஓட்ட உரிமை பெற்றவன், தாய்லாந்திலோ பாலித் தீவிலோ மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமையை அதனாற் பெறமாட்டான். இணையத்தின் வழியே தனியார் விற்கும் போலிப் புத்தகங்களும் உள. அரசின் அதிகாரம் பெறாத அவை எந்நாட்டிலும் செல்லா. மெய்யான சீட்டோ சீட்டின் மொழிபெயர்ப்பு. ஓட்டுபவனை அது மொழிபெயர்ப்பதில்லை. மொழிபெயர்ப்பு நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் மூலமொழியை அறிந்தவன் என்று தமிழ் பயில்வார் எவரும் ஒப்பார் அன்றோ?

அயலாரை ஏற்கும் முறை எல்லா நாட்டினும் ஒரு தன்மையதன்று. இங்கிலாந்திற்குச் செல்வார் தம் நாட்டுச் சீட்டைக் கொண்டே சிறு வண்டிகளை 12 திங்கள் வரை ஓட்டலாம். அங்கே குடியிருப்பவராயின், அதன்பின் நம் நாட்டார் அந்நாட்டுத் தேர்விலே தேறியே ஓட்டுதல் கூடும். ஜப்பான் 1949-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அமைந்த சர்வதேசச் சீட்டை ஏற்கும். 1968-ஆம் ஆண்டின் முறைப்படி அமைந்ததை ஏலாது. சீனப் பெருநிலத்தில் எந்தச் சர்வதேசச் சீட்டும் செல்லாது. அங்கே தற்காலிக உரிமையைத் தனியே பெறல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ மாகாணந்தோறும் விதி வேறு. கலிபோர்னியாவைக் காணச் செல்லும் வயது வந்தோர் தம் நாட்டுச் செல்லுஞ் சீட்டைக் கொண்டே ஓட்டலாம். ஆதலின் உரிமையின் எல்லையை அறிதற்கே செல்லும் நாட்டின் விதியை முன்னர்ப் படித்தல் இன்றியமையாதது. தகுதிக்கு அது எத்துணை மடங்கு வேண்டும்!

இடம் வலம் என்னும் வேறுபாடு யாவரும் அறிந்தது. நாமும் இங்கிலாந்தினரும் ஜப்பானியரும் இடப்பக்கம் செல்வோம். அமெரிக்கரும் ஐரோப்பிய நிலப்பரப்பினரும் வலப்பக்கம் செல்வர். அதனினும் நுண்ணிய வேறுபாடுகள் பல. பிரான்சிலும் ஜெர்மனியிலும் வேறு குறியில்லாத சந்திகளில் வலப்புறமிருந்து வருபவர்க்கே முதல் வழி. அகன்ற வீதியிற் செல்கின்றோம் என்பது கொண்டு அங்கே முந்துதல் ஆகாது. அமெரிக்காவிற் பல மாகாணங்களிற் சிவப்பு விளக்கு எரியுங்காலும், முற்றும் நின்று பார்த்தபின் வலப்புறம் திரும்பலாம். நியூயார்க் நகரிலோ, அறிவிப்பு உள்ள இடமல்லாத பிற இடங்களில் அது குற்றம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் பஸ் சிவப்பு விளக்குகளை மின்னச் செய்து நிற்குமாயின், பிரிக்கப்படாத வீதியில் எதிர்ப்புறமிருந்து வருவாரும் நிற்றல் அந்நாட்டு வழக்கு. ஜப்பானில் இருப்புப்பாதையைக் கடக்குமிடந்தோறும், ரயில் வராவிடினும், நின்று பார்த்தே செல்லல் வேண்டும். ஹாரன் ஒலிப்பது நம் வீதிகளில் வருகையை அறிவிக்கும் மரியாதை; லாரிகளின் பின்னே அவ்வாறு ஒலிக்குமாறு எழுதியும் வைக்கின்றோம். இங்கிலாந்தில் வீடுகள் நிறைந்த இடங்களில் இரவு 11-30 மணி முதல் காலை 7 மணி வரை ஓடும் வண்டியிலிருந்து அதனை ஒலிப்பது விதிக்கு மாறு. இவற்றுள் ஒன்றேனும் சாம்பல் நிறப் புத்தகத்துள் எழுதப்பட்டுளதா? இல்லை.

பழக்கத்தின் வலிமையை நாடுகள் அறியாதன அல்ல. சுவீடன் நாடு 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் இடப்பக்கத்தினின்றும் வலப்பக்கத்திற்கு மாறிற்று. அந்நாட்டரசு அம்மாற்றத்தை நெடுங்காலம் முன்னரே மக்கட்கு அறிவித்து, பலவகையாற் பயிற்றி, அதன்பின்னரே செய்தது. பசிபிக் கடலிலுள்ள சமோவா நாடு 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் வலப்பக்கத்தினின்றும் இடப்பக்கத்திற்கு மாறியபோது, வீதியில் நெருக்கம் குறையுமாறு இரண்டு நாள் பொது விடுமுறை விடப்பட்டது. ஒரு நாடு முழுதும் ஒருங்கே மாறுவதற்கு இத்துணை ஏற்பாடு வேண்டியிருந்தது. விமானத்தில் ஓரிரவு துயிலின்றிச் சென்று இறங்கும் பிரயாணியோ, அதே மாற்றத்தைத் தனியொருவனாய், விடுமுறையும் பயிற்சியுமின்றி, வாடகை நிலையத்தின் வாயிலிலேயே செய்துகொள்ளுமாறு விடப்படுகின்றான்.

இதனால் விளையும் கேட்டிற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுவாம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் கோட்டத்தில், குரோட்டன் என்னும் விமானப் படைத் தளத்தின் அருகே, மோட்டார் சைக்கிளிற் சென்ற இளைஞன் ஒருவன் எதிரே வந்த காரினால் மோதுண்டு இறந்தான். காரை ஓட்டியவர் அமெரிக்கப் பெண்மணி. அந்நாட்டிற்கு வந்து சில வாரங்களே ஆயின. தம் நாட்டிற் செல்வது போன்றே வலப்பக்கத்திற் சென்றுகொண்டிருந்தார். அரசாங்கத் தூதர்க்குரிய பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி அவர் தம் நாடு திரும்பவே, இறந்தவனின் பெற்றோர் நீதி வேண்டி மூன்றாண்டு போராட நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் எட்டுத் திங்கட் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாய், விதிக்கப்பட்டது. இறந்தவனுக்கு வயது 19. நம்முள் பலர்க்கும் அதே வயது.

இந்நிகழ்ச்சியில் உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பெண்மணி வண்டியோட்ட அறியாதவர் அல்லர், பல்லாண்டு பழகியவர். அப்பழக்கமே அன்று பகையாயிற்று. புதிதாகப் பயில்பவன் அஞ்சி அஞ்சி ஓட்டுவான். நெடுநாட் பழகியவனோ கையையும் காலையும் கருத்தின் காவலின்றியே விட்டுவிடுவான். எதிரே பல வண்டிகள் வருங்கால் அவற்றைப் பார்த்தேனும் அவன் வழியைத் தெரிந்துகொள்வான். ஒருவரும் இல்லாத வீதியில், கடையினின்றும் வீட்டினின்றும் வெளிப்படும் அந்த முதற் கணத்தில், அவனைத் திருத்துவார் எவருமிலர். ஆகவே, “நாம் எத்தனையோ ஆண்டு ஓட்டியிருக்கின்றோம்” என்று நம் பெரியோர் சொல்லும் சொல் அயல்நாட்டு வீதியில் ஆறுதல் தருவதன்று, அச்சம் தருவது.

இதற்கு மருந்து யாது? சீட்டின்மேற் சீட்டாகக் கேட்பதே மருந்து என்பர் சிலர். அமெரிக்காவின் பிளாரிடா மாகாணம் அதனைச் செய்து பார்த்தது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அயல்நாட்டார் யாவரும் சர்வதேச அநுமதிச் சீட்டும் வைத்திருத்தல் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. குளிர்காலத்தில் அங்கே பெருந்திரளாகச் செல்லும் கனடா நாட்டார் திகைத்தனர். சட்டம் உடன்படிக்கையோடு முரணுமோ என்ற வினாவும் எழுந்தது. காவற்படையினர் அதனை நடைமுறைப்படுத்தாது நிறுத்திவைத்தனர். ஏப்ரல் மாதத்திற்குள் சட்டமே மாற்றப்பட்டது. கனடாவினர் வலப்பக்கம் செல்பவர். ஆங்கிலத்திலேயே அச்சிட்ட சீட்டுடையார் அவருட் பலர். அவர் கையில் மற்றொரு புத்தகத்தைத் திணிப்பதனால் எந்த வீதி எத்துணைப் பாதுகாப்புப் பெறும்? தாள் பெருகினால் அறிவு பெருகும் என்பது தவறு என்பதற்கு இதுவே சான்று.

ஜப்பான் வேறொரு வழி சென்றது. அந்நாட்டில் அயல்நாட்டுச் சீட்டைக் கொடுத்து ஜப்பானியச் சீட்டாக மாற்றிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதற்குரிய விதியறிவுத் தேர்வு முன்னர்ப் பத்தே வினாக்களை உடையதாய் இருந்தது. ஏழிற்கு விடையிறுத்தார் தேறினர். அது மிக எளிது என்று மக்கள் முறையிட்டனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வினாக்கள் ஐம்பதாயின; நூற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடு பெறுதல் வேண்டும் என்றும், சுற்றுலாவாகச் சின்னாள் வந்து போவார் அவ்வாறு மாற்றிக்கொள்ளலாகாது என்றும் ஏற்பட்டது. இது தாளைக் கேளாமல் அறிவைக் கேட்கும் முறையாதலின் போற்றத்தக்கது. ஆயினும் சர்வதேசச் சீட்டோடு வரும் பிரயாணிக்கு இத்தேர்வு இல்லை. உடன்படிக்கை மறுதேர்வை விலக்குதலின், அவனைச் சோதித்தல் வந்தேறும் நாட்டிற்கு எளிதன்று.

எனவே அக்கடன் அவனை அனுப்பும் நாட்டின்மேல் வந்து நிற்கின்றது. அந்நாடுகளுள் நம் நாடும் ஒன்று. இங்கே சர்வதேச அநுமதிச் சீட்டை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அதனைப் பெறும் வழியை அரசு எளிதாக்கியுளது: அயல்நாட்டில் இருக்குங்கால் அதன் காலம் கழிந்துவிடுமாயின் தூதரகத்தின் வாயிலாக மறுபடியும் பெறலாம் என்று 2021-இல் விதித்தது, நாடு முழுதும் ஒரே வடிவினதாகச் சீட்டு அமைதல் வேண்டும் என்று 2022-இல் விதித்தது. இவை நன்மைகளே. ஆயின், செல்லும் நாட்டில் வண்டிகள் எப்பக்கம் செல்கின்றன என்னும் ஒரு வினாவேனும் அங்கே கேட்கப்படுவதில்லை. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு ஓராண்டில் மட்டும் வீதி விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது அரசே வெளியிட்ட கணக்கு. இத்தகைய வீதிகளிற் பழகிய கைகளை வேற்று நாட்டு வீதிகட்கு அனுப்புங்கால் ஒரு வினாவும் கேளாதிருத்தல் முறையாகுமா?

நாம் வேண்டுவது பெரிதன்று. பழகுநர் உரிமம் பெறுவார்க்கு வீதிக் குறிகளைப் பற்றிக் கணிப்பொறியில் வினாக்கள் கேட்கும் ஏற்பாடு அவ்வலுவலகங்களில் முன்னரே உளது. சர்வதேசச் சீட்டு வேண்டுவார் தாம் செல்லும் நாட்டைக் குறிப்பிட, அந்நாட்டின் விதிகளைத் தமிழிலும் பிற தாய்மொழிகளிலும் சில பக்கங்களிற் படிக்கக் கொடுத்து, அவற்றினின்றும் இருபது வினாக்களைக் கேட்டுச் சீட்டு வழங்கலாம். தேறாதவர் மறுநாள் மீண்டும் எழுதலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டா; புதிய உடன்படிக்கையும் வேண்டா.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். சுற்றுலாவிற்குத் தடை மிகும் என்பர் ஒரு சாரார். விமானச் சீட்டு வாங்கவும் விசாப் பெறவும் வாரக்கணக்கிற் காத்திருப்பவர்க்கு அரை மணி நேரப் படிப்புத் தடையாகாது. எழுத்துத் தேர்வு கையின் பழக்கத்தை மாற்றுமோ என்பர் மற்றொரு சாரார். முற்றும் மாற்றாது என்பது உண்மையே. ஆயினும் தன் பழக்கம் தன்னை ஏமாற்றும் என்று முன்னரே அறிந்தவன் விழித்திருப்பான். அறியாதவன் ஏமாறிய பின்னரே விழிப்பான். எஞ்சியதற்கு நியூஸிலாந்து நாட்டினர் செய்வது போல வீதியிலேயே உதவி செய்யலாம். அயல்நாட்டார் மிகுதியாகச் செல்லும் வீதிகளில் இடப்பக்கம் செல்லுக என்று காட்டும் அம்புக்குறிகளை அவர்கள் தரையிலே தீட்டியுள்ளனர். வாடகை வண்டிகளிலும் அதனை நினைவூட்டும் குறிப்புக்களை வைக்கின்றனர். அங்கும் 2015-ஆம் ஆண்டளவில், தாறுமாறாக ஓட்டிய அயல்நாட்டாரின் வண்டிச் சாவிகளை வழிச்செல்வார் சிலர் தாமே பறித்துக்கொண்ட செய்திகள் வெளிவந்தன. சாவியைப் பறித்தல் முறையன்று. ஆயினும் அரசு கேளாத வினாவைத் தெருவிற் செல்பவன் கேட்கத் தொடங்குவான் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கை.

அரசு செய்யும் வரை நாம் காத்திருத்தல் வேண்டுமோ? வேண்டா. புறப்படுமுன் அந்நாட்டரசு வெளியிட்டுள்ள வீதி விதிகளை ஒருமுறையேனும் முற்றும் படிக்கலாம். இறங்கிய அன்றே ஸ்டியரிங் சக்கரத்தைப் பற்றாமல், ஓரிரவு துயின்று எழலாம். முதல் நாளில் நெருக்கமில்லாத வீதிகளிற் சிறிது பழகலாம். அருகிலிருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் செல்லவேண்டிய பக்கத்தை வாய்விட்டுக் கூறலாம். இத்துணையும் செய்த பின்னரும் உள்ளம் துணியாதாயின், ரயிலிலோ பஸ்ஸிலோ சென்றுவிடலாம். அதனாற் பெருமை குன்றாது.

விருந்தினராகச் செல்பவர் அவ்வீட்டார் காலணி கழற்றும் இடத்திலே தாமும் கழற்றுவர். அதனை எவரும் சட்டம் எழுதிக் கற்பித்ததில்லை. அயல்நாட்டு வீதியும் பிறர் வீட்டு முற்றமே. அங்கே நம்மை முன்பின் அறியாத ஒரு தாய், வண்டிகள் எப்பக்கத்தினின்று வரும் என்னும் ஒரே நம்பிக்கையில், தன் பிள்ளையைச் சாலை கடக்க விடுகின்றாள். நம் சீட்டை அவள் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அவள் நம்பிக்கைக்கு ஈடு நிற்பது நம் கையிலுள்ள புத்தகமன்று. நாம் புறப்படுமுன் படித்த சில பக்கங்களே.